பத்து நிமிஷத்துக்குக் கொடுத்த ஏணி

பத்து நிமிஷம் என்று சொல்லித்தான் வாட்ச்மேன் ஏணியை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று மாடிக் கட்டடம். கீழே சலவைக்கடை. நடுவில் பல் டாக்டர். மேலே மறைவிளக்குச் சகோதரர் சபை. அன்று பெயின்டர் சலவைக்கடை ஷட்டருக்குப் பச்சை அடித்து முடித்திருந்தார். சபையில் பல்பு ஃபியூஸ் போய்விட்டது, கூரை உயரம், ஸ்டூல் எட்டவில்லை என்றார் வாட்ச்மேன். அதற்கென்ன என்று சொல்லிவிட்டு பெயின்டர் டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது வாட்ச்மேன் வாசலில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏணி எங்க?"

"மேல."

"பல்பு மாட்டியாச்சா?"

வாட்ச்மேன் பையிலிருந்து புது பல்பை எடுத்துக் காட்டினார். "ஏணிய மேல வெச்சுட்டு இத வாங்கப் போனேன். வர்றதுக்குள்ள கூடல் ஆரம்பிச்சுடுச்சு. கதவச் சாத்திட்டாங்க."

"எப்ப தொறப்பாங்க?"

"ஏழு மணிக்கு. ஆனா ஏணி வராது."

மழை வரும் என்பதுபோல அதைச் சொன்னார்.

ஏழு மணிக்குச் சபையின் உள்காவலர் இறங்கி வந்தார். பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பிரிவுத் தலைவர். இப்போது பேன்ட்டின் மேல் நீல அங்கி. கையில் தடித்த புத்தகம்.

"பன்னிரண்டாம் விதி" என்று வாசித்தார். "கூடலின் கதவு சாத்தப்படும்போது, உறுப்பினர் அல்லாதவருக்குச் சொந்தமான எது உள்ளே இருந்தாலும், அது மறைவிளக்கால் அழைக்கப்பட்டதாகும். அது புனிதமானது. சபையை விட்டு அகலாது."

"அது என் ஏணிங்க. வாட்ச்மேன்தான் தூக்கிட்டு வந்தாரு."

"மறைவிளக்கு எவர் கையையும் பயன்படுத்தும்."

வாட்ச்மேன் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

புனிதப்பட்டவை முன்பே சில இருந்தன. ஒரு குடை. சலவைக்கடைக்காரரின் கூடை. யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பு. தினமும் ஒரு சகோதரர் வந்து தூசி தட்டி, தட்டில் பிஸ்கட் வைத்துவிட்டுப் போவார். மறுநாள் தட்டு காலியாக இருக்கும். எந்தப் பொருளையும் பயன்படுத்தக் கூடாது. போன மழையில் கூரை ஒழுகியபோது இருபது பேரும் குடையைச் சுற்றி நின்று நனைந்தார்கள்.

"இந்த நாற்காலி கூட மேல இருந்ததுதான்" என்றார் வாட்ச்மேன், உள்காவலர் போனபிறகு. "ஒரு சகோதரர் மயக்கம் வந்து இதுல உக்காந்துட்டாரு. அன்னிக்கே ரெண்டையும் கீழ தள்ளிட்டாங்க. நாற்காலி எனக்கு ஆச்சு."

பெயின்டர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கவலை அவருக்கு.

கவலைக்குக் காரணம் இருந்தது. பெயின்டருக்கு உயரம் ஆகாது. இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எந்த ஏணியிலும் மூன்றாம் படிக்கு மேல் கால் ஆட ஆரம்பித்துவிடும். இந்த ஒரு ஏணியில்தான் ஆடாது. மர ஏணி, பதினொரு படி. ஏன் என்று அவர் ஆராய்ந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதில் ஏறி இறங்கிப் பிழைத்தார். அதே வாரம் ஒரு பள்ளிக்கூடத்தை முழுக்க மஞ்சள் அடிக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

"போலீசுக்குப் போங்க" என்றாள் மனைவி.

"போலீசெல்லாம் வேணாம் மாமா. பொறுமையா இருங்க, தானா வரும்" என்றான் மைத்துனன், படுத்தபடி. அவன் மனைவியின் தம்பி. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து ஆறு வருஷம் ஆயிற்று. முப்பத்தெட்டு வயது. வேலைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். பொறுமையாக இருந்தால் எல்லாம் தானாக வரும் என்பது அவன் அனுபவத்தில் கண்டது. சோறு வந்தது. டீ வந்தது.

பெயின்டர் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படி எத்தனை?" என்றார்.

"பதினொண்ணு சார்."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மேசைக்குக் கீழே அங்கியின் நீல ஓரம் தெரிந்தது. பெயின்டர் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் உள்காவலரின் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். அங்கி இல்லாத உள்காவலர் நல்ல மனிதர். டீ சொன்னார்.

"நான் என்னங்க பண்றது, விதி அப்படி. ஏணிய தலைவர் மட்டும்தான் தொடலாம்."

"தலைவர் ஆகணும்னா?"

"முதல்ல உறுப்பினர் ஆகணும்." டிராயரிலிருந்து ஒரு படிவம் எடுத்தார். "எப்படியோ நம்பிக்கை வந்து நீங்களே கேட்டீங்க. நான் தூண்டல."

சபை வருஷத்துக்கு நான்கு முறை கூடும். குளிர்க் கூடல், தளிர்க் கூடல், வெயில் கூடல், சருகுக் கூடல். ஏணி போனது குளிரில். பெயின்டரைச் சேர்த்தது தளிரில். அதுவரை மூன்று மாதம் அவர் பள்ளிக்கூடத்தைக் கை எட்டும் உயரம்வரை மஞ்சள் அடித்தார். ஒரு முக்காலி போட்டு இன்னும் ஓரடி ஏற்றினார். அதற்கு மேல் பழைய சாம்பல் நிறம்.

தலைமையாசிரியை வந்து பார்த்தார். "மேல எப்போ?"

"கீழ நல்லா காயட்டும் டீச்சர்."

தளிர்க் கூடல் மாலை ஐந்து மணிக்கு. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. பல்பு இல்லாததால் ஒரே இருட்டு. மூலையில் ஒரு மெழுகுவத்தி, அதுவும் தன் காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு எரிந்தது. அந்த இருட்டில் பெயின்டரின் கண்ணைக் கட்டினார்கள். எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. பெருஞ்சுடர் என்று அவரைச் சொல்வார்கள். சபையின் தலைவர். பகலில் பெட்டிக் கடை, அதாவது பயணப் பெட்டி விற்கும் கடை.

"நீ எதைத் தேடி வந்தாய்?"

"ஏணிய."

இருட்டில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"எதற்கு?"

"மேல ஏறத்தான்."

"ஏறி?"

"பூசணும்."

"எதைப் பூசுவாய்?"

"மொதல்ல ப்ரைமர். அப்புறம் ரெண்டு கோட்டு."

ஒருவர் விசும்பினார். முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு 'ஒளியை' என்றுதான் எல்லோரும் சொல்லிவந்தார்கள். அது அச்சடித்த விடை, படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தது. பெயின்டர் பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சபையில் சேர்பவர் எல்லோருக்கும் ப்ரைமரும் ரெண்டு கோட்டும் பாடமாயிற்று.

கட்டை அவிழ்த்ததும் பெயின்டர் உள்காவலரைத் தடவிக் கண்டுபிடித்தார்.

"இப்ப நான் உறுப்பினர்தானே? ஏணி உறுப்பினருக்குச் சொந்தமானது. அப்ப பன்னிரண்டாம் விதி செல்லாதே?"

"கதவு சாத்திய தேதியில் நீங்கள் உறுப்பினர் இல்லை, சகோதரரே" என்றார் உள்காவலர். அங்கி போட்டால் அவர் பேச்சும் மாறிவிடும்.

வெயில் கூடலில் ஏணியைப் பற்றி ஆய்வுரை. பேசியவர் பல் டாக்டர். தலைப்பு, 'ஐந்தாம் படியின் இரகசியம்'. மற்ற படிகள் எல்லாம் ஒரே மரம், ஐந்தாவது மட்டும் வேறு. உருண்டை. வழுவழுப்பு. சாயம் நீலம். இதை யார் செய்தார், எப்போது, எந்த நட்சத்திரத்தைப் பார்த்து? டாக்டர் ஒன்றரை மணி நேரம் கேட்டார். ஏணியின் மேல் சிந்தியிருந்த பெயின்ட் சொட்டுகளை இணைத்து வான மண்டலத்தின் வரைபடம் ஒன்றும் போட்டிருந்தார். இருட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் வியந்தார்கள்.

பெயின்டருக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார்.

"அது மாப்புக் கைப்பிடிங்க. பழைய படி ஒடஞ்சுடுச்சு. வீட்ல மாப்பு பழசா இருந்துச்சு, வெட்டிச் சொருகிட்டேன்."

பெருஞ்சுடர் தொண்டையைச் செருமினார்.

"இளைய சகோதரர் உருவகத்தில் பேசுகிறார்."

டாக்டர் வேகமாக எழுதிக்கொண்டார். உடைந்தது ஆணவம். மாப்பு தூய்மை. பழைய மாப்பு, பழந்தூய்மை. "வெட்டுதலையும் சொருகுதலையும் அடுத்த வருடம் எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

கடைசியில் பெருஞ்சுடர் உரையாற்றினார்.

"சகோதரர்களே, நம் சபையின் நோக்கம் என்ன என்று வெளியே கேட்கிறார்கள். வெளியே சொல்லக் கூடாது என்பதே நம் நோக்கம். உள்ளே சிலர் கேட்கிறார்கள். அவர்கள் இன்னும் முழுமையாக உள்ளே வரவில்லை. நான் கேட்டதே இல்லை. ஆகவே தலைவராக இருக்கிறேன். இந்தப் பதவியைத் துறக்க நான் பத்தொன்பது வருடங்களாகத் துடிக்கிறேன். அதற்குத் தகுந்த ஒருவர் அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் கடமையாக இருந்து வருகிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் பெயின்டரின் முதுகில் தட்டினார், கை தவறி.

இறங்கி வரும்போது பெயின்டர் உள்காவலரைப் பிடித்தார். அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"தலைவரை எப்படிங்க தேர்ந்தெடுப்பீங்க?"

"சருகுக் கூடல்ல. பெருஞ்சுடர் ஒவ்வொருத்தரையா கேப்பார், பதவிய ஏத்துக்கறீங்களான்னு. மூணு தடவ மறுக்கணும். அதுதான் பணிவு. நாலாவது தடவ கேட்டா ஏத்துக்கலாம்."

"அப்புறம்?"

"நாலாவது தடவ அவர் கேட்டதே இல்ல."

உள்காவலர் மடித்த அங்கியை இன்னொரு முறை மடித்தார். அவர் பதினேழு வருஷமாக மறுத்து வருகிறார்.

வெயில் போயிற்று. பெயின்டர் பள்ளிக்கூடத்தின் காம்பவுண்டு, பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாவற்றையும் முடித்தார். எட்டும் உயரத்தில் இனி எதுவும் பாக்கியில்லை. தெருவில் அவருக்கு 'அரைச்சுவர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

சருகுக் கூடலுக்கு முந்தின நாள் தலைமையாசிரியை ஃபோன் செய்தார்.

"நேத்து மேலதிகாரி வந்தாரு. வெள்ளம் வந்து வடிஞ்ச கோடான்னு கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன். பொய் சொல்ல வெச்சுட்டீங்க."

"டீச்சர்..."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். மேல மஞ்சள் ஏறல, வேற ஆள் வரும். கீழயும் சேத்து வேற கலர் அடிச்சுடுவாங்க."

அன்று புதன்கிழமை.

வியாழக்கிழமை மாலை பெயின்டர் மைத்துனனை எழுப்பினார்.

"கெளம்பு. ஏணிய மாடிப்படில இறக்க ஒரு ஆள் வேணும்."

"அவ்ளோ உயரமா மாமா?"

"நீ கீழ்ப்பக்கம் புடிச்சா போதும்."

"அதான் வெயிட்டு."

மனைவி பார்த்த பார்வையில் எழுந்து வந்தான்.

கட்டட வாசலில் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து பெயின்டரின் சட்டைப்பையில் பல்பைப் போட்டார். "ஒன்பது மாசமா வெச்சிருக்கேன். படுத்தா குத்துது. உங்க சபைப் பொருள், நீங்களே வெச்சுக்கங்க."

மேலே போனதும் மைத்துனன் அங்கிகள் குவிந்திருந்த மூலையைப் பார்த்தான். கூடல் முடிகிறவரை வெளியே நில் என்று பெயின்டர் சொன்னார். சரி என்றான். பிறகு கூட்டம் சேர்ந்தது, மெழுகுவத்தி ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள்.

பெருஞ்சுடர் வரிசையாகக் கேட்டுவந்தார். "சகோதரரே, தலைமையை ஏற்பீரா?" பல் டாக்டர் தான் தூசு என்று மறுத்தார். இன்ஸ்பெக்டர் தூசின் நிழல் என்று மறுத்தார். உள்காவலர் மூன்றாம் முறை மறுத்துவிட்டு, நான்காவது கேள்விக்கு வழக்கம்போலக் கொஞ்ச நேரம் காத்து நின்றார். பெருஞ்சுடர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

"இளைய சகோதரரே, தலைமையை ஏற்பீரா?"

"சரிங்க" என்றார் பெயின்டர்.

மெழுகுவத்தி படபடத்தது.

"உமக்குக் கேள்வி புரியவில்லை. தலைமையை ஏற்பீரா?"

"சரின்னுதான் சொன்னேன்."

உள்காவலர் புத்தகத்தை மெழுகுவத்திக்கு அருகில் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூன்று முறை மறுப்பவரைப் பற்றி ஒன்பது பக்கம் இருந்தது. ஒத்துக்கொள்பவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யாரும் ஒத்துக்கொள்வார் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

"தடை ஒன்றும் இல்லை" என்றார் கடைசியில். அந்தக் குரலில் பதினேழு வருஷம் இருந்தது.

பெருஞ்சுடர் தன் தொப்பியைக் கழற்ற இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது. பெயின்டரின் தலையில் அது காதுவரை இறங்கியது.

"இப்ப ஏணிய தொடலாம்தானே?"

"தாங்கள் தொடலாம், பெருஞ்சுடரே."

"வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"தொடலாம். கொண்டுபோகக் கூடாது. நாற்பதாம் விதி."

பெயின்டர் அசையாமல் நின்றார். பழைய பெருஞ்சுடர் இருட்டில் லேசாகச் சிரித்தது கேட்டது. நாளை வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் வேறு கலர். ஒன்பது மாதம், நான்கு கூடல், ஒரு தொப்பி.

சுவரைத் தடவிக்கொண்டே போனார். ஏணி கிடைத்தது. இரண்டாம் படியின் இடது ஓரத்தில் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். விரல் அதில் போய் உட்கார்ந்தது. கால் யாரையும் கேட்கவில்லை. முதல் படியில் ஏறியது.

இரண்டு. மூன்று. நான்கு. மாப்புக் கைப்பிடி. கால் ஆடவில்லை.

"பெருஞ்சுடரே, என்ன சத்தம் அது?" என்றது உள்காவலரின் குரல், கீழேயிருந்து.

ஒன்பதாம் படியில் தலையில் ஹோல்டர் இடித்தது. பெயின்டர் பழைய பல்பைக் கழற்றித் தொப்பிக்குள் செருகிக்கொண்டு புதியதைத் திருகினார். ஸ்விட்ச் ஃபியூஸ் போன நாளிலிருந்து போட்டபடியே இருந்திருக்கிறது. குப்பென்று வெளிச்சம் வந்தது.

இருபது பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய பெருஞ்சுடரின் அங்கி உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டியிருந்தது. அதில் சலவைக்கடைச் சீட்டு குத்தியிருந்தது. ஒரு வருஷமாக அவர்கள் வணங்கிவந்த கிழக்குச் சுவரின் சின்னம், கூரை ஒழுகிய கறை. இன்ஸ்பெக்டரும் பல் டாக்டரும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாக விட்டார்கள்.

"ஏறிவிட்டார்" என்றார் உள்காவலர். "ஏணியைப் பயன்படுத்திவிட்டார்."

யாரோ தலையில் கை வைத்தார்கள். புத்தகம் மறுபடி திறந்தது.

"பதின்மூன்றாம் விதி. பயன்படுத்தப்பட்ட பொருள் புனிதம் இழக்கும். பொருளும் பயன்படுத்தியவரும் அப்போதே வெளியேற்றப்படுவர். மீண்டும் வரலாகாது."

பெயின்டர் ஒன்பதாம் படியில் அப்படியே நின்றார். வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. முதல் நாளே கதவைத் தட்டி உள்ளே போய் ஒரு படி ஏறி இறங்கியிருந்தால் போதும். தொப்பி மட்டும் இல்லாவிட்டால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இறங்கித் தொப்பியைக் கொடுத்தார். பழைய பல்போடு.

அப்போதுதான் மூலையிலிருந்து குறட்டை கேட்டது. அங்கிக் குவியலின் மேல் மைத்துனன் மல்லாந்து படுத்திருந்தான். வெளிச்சம் கண்ணில் பட்டதும் ஓர் அங்கியை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டான்.

உள்காவலர் அருகில் போய்ப் பார்த்தார்.

"கதவு சாத்தும்போது இவர் உள்ளே இருந்தாரா?"

"இருந்திருக்கான்" என்றார் பெயின்டர்.

"உறுப்பினரா?"

"இல்ல."

"யாருக்குச் சொந்தம்?"

"எனக்குச் சொந்தம்தான். பொண்டாட்டியோட தம்பி."

"உங்களுக்கா, மனைவிக்கா?"

பெயின்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் வாழ்க்கையில் சபையிடம் கற்றுக்கொண்டது ஒன்று உண்டென்றால் அது இந்த இடத்தில் உதவியது.

"மனைவிக்குத்தாங்க."

"அவர் உறுப்பினர் இல்லை." புத்தகம் மூடியது. இருபது பேரும் மண்டியிட்டார்கள். மைத்துனன் எழுந்து உட்கார்ந்தான். பல் டாக்டர் பிஸ்கட் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்ல. இவங்க உன்ன இங்கயே வெச்சுப் பாத்துக்கறாங்களாம். ஒரு வேலையும் செய்யக் கூடாதாம்."

மைத்துனன் பிஸ்கட்டை எடுத்தான். அவன் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. "நான்தான் சொன்னேனே மாமா, பொறுமையா இருந்தா தானா வரும்னு" என்றான்.

பெயின்டர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகவே இறங்கினார். பின்னால் வெளிச்சத்தைப் பற்றிக் காரசாரமான விவாதம். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மறு ஏற்பாடு செய்யும்வரை அனைவரும் கண்ணை மூடிக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தார். பதினொரு மணிக்கு மஞ்சள் கூரையைத் தொட்டது. தலைமையாசிரியை வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "வெள்ளம் ஏறிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு அதற்கு மேல் பாராட்டத் தெரியாது.

மதியம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். ஏணிக்குக் கீழே நின்று கேட்டாள்.

"தம்பி எங்க? ராத்திரி வரல."

"சபைல இருக்கான். புனிதமாயிட்டான்."

"சாப்பாடு?"

"பிஸ்கட்டுல ஆரம்பிச்சாங்க. இன்னிக்குக் காலைல யார் எந்த வேளைக்குச் சாப்பாடு கொண்டு வரணும்னு முறை போட்டிருக்காங்களாம். வாட்ச்மேன்தான் பாவம், அவருக்குப் பிஸ்கட் போச்சு."

"எப்ப அனுப்புவாங்க?"

பெயின்டர் பிரஷ்ஷை டப்பாவின் ஓரத்தில் வழித்தார். "ஏதாவது வேல செஞ்சான்னா அன்னிக்கே அனுப்பிடுவாங்க."

மனைவி மஞ்சள் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பாத்திரத்தை நிழலில் வைத்தாள்.

"அப்ப அவன் படுக்கைய சுருட்டிப் பரண்ல போட்டுடலாம்" என்றாள். "சாயந்திரம் ஏணிய வீட்டுக்குக் கொண்டு வாங்க. பத்து நிமிஷம் போதும்."